9 வயசுப் பொண்ணு "ஸ்கூல்ல வாந்தி வந்துடுமாம்மா?"ன்னு ஓயாம கேக்குறா. என்ன பதில் சொல்றது?

கயல்_தேனி:

பொண்ணு நாலாங்கிளாஸ். ரெண்டு மாசம் முன்னாடி கிளாஸ்ல பக்கத்துல இருந்த பிள்ளை வாந்தி எடுத்துருச்சு. அதுலருந்து இவளுக்கு அதே நினைப்புதான். காலைல எந்திரிச்சதும் வயிறு வலிக்குது, குமட்டுதுங்கிறா. டிபன் ரெண்டு வாய்தான். வேன் வர்ற வரைக்கும் "இன்னைக்கு வராதுல்லம்மா? சத்தியமா வராதுல்ல?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. "வராதுடா தங்கம்"னு சொன்னா அஞ்சு நிமிஷம் தாங்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிச்சுடுவா. யூனிபார்ம் பாக்கெட்ல எப்பவும் ஒரு கேரி பேக் இருக்கணும். லஞ்ச் டப்பா அப்படியே திரும்பி வருது. லீவு நாள்ல வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

மெடிக்கல்ல கேட்டு தினமும் காலைல எமெசெட் சிரப் கொடுத்து அனுப்புறோம். அத்தை மந்திரிச்சுத் தாயத்து கட்டியிருக்காங்க. அவங்க அப்பா "நடிக்கிறா, ரெண்டு வச்சா சரியாயிடும்"ங்கிறார். இது நடிப்பா? அவ கேக்குறப்போ என்னதான் சொல்லணும்? யார்கிட்ட காட்டணும்?

ராஜி_மா:

காலைல ஓம வாட்டர் ஒரு மூடி கொடுங்க சிஸ், கைகண்ட மருந்து.

மனநல_ஆலோசகர்_திருச்சி:

முதல்ல நடிப்புங்கிற பேச்சை முடிச்சுடலாம். பயம் வந்ததும் உடம்புல அட்ரினலின் சுரக்கும். வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை கால் தசைக்குப் போகும், இரைப்பை காலியாகுறது மெதுவாகும். அதனால குமட்டலும் வலியும் நிஜமாவே இருக்கு. அது போதாதுன்னு, வாந்தி வந்துடுமேன்னு சாப்பிடாமப் போறா. வெறும் வயித்துக்கே குமட்டும். குமட்டினதும் "வரப்போகுது"ன்னு பயம் இன்னும் ஏறும். லீவு நாள்ல பயம் இல்ல, அதான் வலியும் இல்ல. அவங்க அப்பாகிட்ட இதை இப்படியே சொல்லுங்க: வலி நிஜம், அதுக்குக் காரணம் பயம். அடிச்சா அந்தப் பயத்தோட இன்னொரு பயம் சேரும், அவ்வளவுதான் நடக்கும்.

உங்க ரெண்டாவது கேள்வியிலதான் விஷயமே இருக்கு. "வராதுடா"ங்கிறது நீங்க கொடுக்க முடியாத உத்தரவாதம். அது பிள்ளைக்கும் தெரியும், அதனாலதான் "சத்தியமா?"ன்னு அடுத்து கேக்குறா. இன்னொண்ணு, அந்த அஞ்சு நிமிஷ நிம்மதி அம்மாகிட்ட கேட்டதால வந்துச்சுன்னு அவ மனசுல பதிஞ்சுடுது. அடுத்த தடவை குமட்டினாலும் அதையேதான் தேடுவா. கேரி பேக், சிரப், டிபனை விடுறது எல்லாமே இதே வேலையைத்தான் செய்யுது. "இது இருந்ததாலதான் இன்னைக்கு தப்பிச்சேன்"னு நினைப்பா. இது இல்லாமலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு தெரிஞ்சுக்க அவளுக்கு வாய்ப்பே கிடைக்காது. (ராஜி மேடம், கோவிச்சுக்காதீங்க, ஓம வாட்டரும் இந்தக் கணக்குலதான் வரும்.)

பெத்தவங்க நடந்துக்கிற விதத்தை மட்டும் மாத்தினாலே பிள்ளையோட பதட்டம் குறையுமான்னு யேல் பல்கலைக்கழகத்துல எலி லெபோவிட்ஸ் குழு பார்த்தாங்க. 2020ல வெளியான ஆய்வு, 124 பிள்ளைங்க. பெத்தவங்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த குழு, பிள்ளைக்கே நேரடியா சிகிச்சை கொடுத்த குழுவுக்குச் சளைக்கல. அதனால நீங்க வீட்டுல செய்யறதுக்கு நிறையவே இருக்கு.

மாத்தப் போறதை முன்னாடியே சொல்லிடுங்க. காலை அவசரத்துல வேண்டாம். சாயங்காலம், அவ நல்லா இருக்கிற நேரத்துல சொல்லுங்க. "நாளைலருந்து அந்தக் கேள்விக்கு அம்மா ஒரு தடவைதான் பதில் சொல்வேன். உன் மேல கோவம்னு நினைக்காத. நான் சொல்லச் சொல்லத்தான் அந்தப் பயம் பெருசாகுது."

மறுநாள் முதல் தடவை கேக்குறப்போ: "வரலாம், வராமலும் போகலாம். வந்தா வாயைக் கொப்புளிச்சுட்டு உக்காந்துக்கலாம். இப்ப உனக்குக் கஷ்டமா இருக்கு, எனக்குப் புரியுது. உன்னால சமாளிக்க முடியும்." அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே வரி: "இது பயம் கேக்குற கேள்வி." குரல் ஏறவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். சொல்லிட்டு ஜடை பின்னுற வேலையைப் பாருங்க.

ஒரேயடியா நிறுத்த முடியாதுன்னா கேள்விச் சீட்டு வச்சுப் பாருங்க. ஒரு காலைல எத்தனை தடவை கேக்குறான்னு மூணு நாள் எண்ணுங்க. 15 வந்தா முதல் வாரம் 8 சீட்டு, அடுத்த வாரம் 5, அப்புறம் 2. ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு. மிச்சம் பிடிச்சா சாயங்காலம் கூட ஒரு ஆட்டம் கேரம், அது மாதிரி ஏதாவது. முதல் மூணு நாலு நாள் கேள்வி கூடத்தான் செய்யும், அழுகையும் இருக்கும். அப்போ தாங்காம பன்னெண்டாவது தடவை "சரி வராதுடா"ன்னு சொல்லிட்டா, பன்னெண்டு தடவை கேட்டா கிடைக்கும்னு கத்துக்குவா. தொடங்கிட்டா வீட்டுல எல்லாரும் அதே வரியைச் சொல்லணும். அத்தையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அடுத்து பயப் படிக்கட்டு, அதாவது சின்ன பயத்துலருந்து பெரிய பயத்துக்கு ஒவ்வொரு படியா பழகுறது. எந்தெந்த விஷயத்துக்கு எவ்வளவு பயம்னு 10க்கு அவளே மார்க் போடட்டும், நீங்க போடாதீங்க. வாந்தி பயத்துக்கு பொதுவா இப்படி வரும்:

2 – "வாந்தி"ன்னு சத்தமா இருபது தடவை சொல்றது
3 – வாந்தி எடுக்குற ஆளை கேலிப்படமா வரையறது
4 – கேரி பேக்கை பாக்கெட்லருந்து எடுத்து ஸ்கூல் பைக்கு அடியில வைக்கிறது
5 – ஓட்ஸ் கஞ்சி, கேரட் துருவல், கொஞ்சம் மோர் கலந்து பொய் வாந்தி செஞ்சு வாஷ்பேசின்ல ஊத்திப் பாக்குறது
6 – அதுல ஒரு வாயை "உவ்வே"ன்னு சத்தத்தோட துப்புறது
7 – டிபனை முழுசா சாப்பிட்டு வேன்ல ஏறுறது
8 – கேரி பேக் இல்லாம போறது
9 – அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காந்து லஞ்ச் சாப்பிடுறது

நிஜமா வாந்தி எடுக்க வைக்கிறது இதுல கிடையாது, அதை அவகிட்டயும் சொல்லிடுங்க. 2, 3 மார்க்குல தொடங்குங்க. அதே படியை தினமும் செய்யட்டும். மார்க் பாதியா குறைஞ்சாலோ, "போரடிக்குது"ன்னு அவளே சொன்னாலோ அடுத்த படி. ஒவ்வொரு தடவையும் முன்னாடி "என்ன நடக்கும்னு நினைக்கிற?", முடிஞ்சதும் "என்ன நடந்துச்சு?"ன்னு ஒரு பழைய நோட்டுல ரெண்டு பத்தி போட்டு அவ கையாலேயே எழுத வைங்க. மார்க் குறையுறதை விட இந்த ரெண்டு பத்திக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளை மாத்தும்.

குழந்தைகள்_ஓபி:

மேலே சொன்னது சரி. அதற்கு முன் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு முறை போதும்.

கவனிக்க வேண்டியவை: தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, சிறுநீர் எரிச்சல், மூட்டு வலி, தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஓரமாக ஒரே இடத்தில் வரும் வலி, காலையில் தலைவலியோடு வரும் வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எதுவும் இல்லை, உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறுகின்றன என்றால் ஹீமோகுளோபினும் சிறுநீர்ப் பரிசோதனையும் பெரும்பாலும் போதும்.

ஸ்கேன் எடுத்தால் 'குடலில் நெறி கட்டியிருக்கிறது' என்று ரிப்போர்ட் வர வாய்ப்புண்டு. குறுக்களவு 8 மி.மீ.க்குள் உள்ள நிணநீர்க் கணுக்கள் ஆரோக்கியமான குழந்தைகளிடமும் சாதாரணமாகத் தெரியும். அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் குழந்தை காதில் போட்டுவிட்டால் "என் வயிற்றில் ஏதோ இருக்கிறது" என்பது நிலைத்துவிடும். மூன்று டாக்டர், நான்கு ஸ்கேன் என்று அலைவதும் அதே செய்தியைத்தான் குழந்தைக்குச் சொல்கிறது.

எமெசெட் என்பது ஒண்டான்செட்ரான். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு, மருத்துவர் சொன்ன அளவில், ஓரிரு வேளை தரும் மருந்து. வாந்தியே இல்லாத குழந்தைக்குத் தினமும் கொடுத்தால் மலம் இறுகும், மலம் இறுகினால் வயிறு வலிக்கும். எந்த வலிக்காகக் கொடுக்கிறீர்களோ அதையே மருந்து உண்டாக்கலாம். மலம் உருண்டை உருண்டையாகப் போகிறதா, வாரத்துக்கு எத்தனை முறை என்று இன்றே கேளுங்கள். குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது சிரப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி நிறுத்திவிடுங்கள்.

காலையில் காபி, டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், படபடப்பைக் கூட்டும். எழுந்த அரை மணிக்குள் அரை வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ. டிபனை ஒரு இட்லியில் ஆரம்பித்து, மூன்று நாளைக்கு ஒரு முறை அரை இட்லி கூட்டுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று துரத்த வேண்டாம்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க வீட்டில் எழுதி ஒட்டிய விதி ஒன்று இருக்கட்டும்: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல், கடந்த 24 மணி நேரத்தில் கண்ணால் பார்த்த வாந்தி, வயிற்றுப்போக்கு. இவை இல்லையென்றால் பள்ளி. அப்படி வீட்டில் இருக்கும் நாளில் டிவி, மொபைல் கிடையாது. நோயாளி படுத்திருக்க வேண்டும்.

டீச்சர்_செங்கல்பட்டு:

ஸ்கூல் பக்கத்துலருந்து கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல வேற ஏதாவது இருக்கான்னு கேளுங்க. வாந்தின்னு சொல்ற பிள்ளைக்கு அடியில வேற கவலை இருக்கலாம். கிளாஸ் பாத்ரூம் நாத்தம்னு காலைலருந்து தண்ணியே குடிக்காம, அடக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். வேன்ல பெரிய பசங்க சீண்டுவாங்க. சத்தமா வாசிக்கச் சொல்ற பீரியட் எந்தெந்த நாள்னு பாத்தா வலி அதே நாள்லதான் வரும். அப்படின்னா வாசிப்புல குறைபாடு இருக்கான்னு பாக்கணும். "ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும். "வேன்ல யார் பக்கத்துல உக்காருவ? இன்டர்வெல்ல எங்க போவ? எந்த பீரியட் சீக்கிரம் முடிஞ்சா நல்லாருக்கும்?"னு கேளுங்க. யாராவது தொட்டது, மிரட்டினதுன்னு எதாவது வெளிய வந்தா படிக்கட்டெல்லாம் அப்புறம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே பேசுங்க.

கிளாஸ் டீச்சரைப் பாக்குறப்போ ஸ்கூல் கேட் முன்னாடி ரெண்டு நிமிஷத்துல சொல்லாதீங்க. நேரம் வாங்கி உக்காந்து பேசுங்க. அவங்ககிட்ட கேக்க வேண்டியது இவ்வளவுதான்: குமட்டுதுன்னு சொன்னா உடனே வீட்டுக்கு போன் போட வேண்டாம். 10 நிமிஷம் வராந்தாவுல உக்காந்துட்டு, தண்ணி குடிச்சுட்டு கிளாஸுக்கே திரும்பி வரணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அப்படிப் போகலாம், அடுத்த வாரம் ஒரு தடவை. கேட்டு வாங்குறதுக்குப் பதிலா டேபிள் மேல ஒரு சிவப்பு அட்டையை வச்சா போதும்னு வச்சுக்கிட்டா, நாப்பது பிள்ளைங்க முன்னாடி சொல்ல வேண்டியிருக்காது. போன் போட்டா அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு ஆயிட்டா அந்த வாரமே பழக்கமாயிடும்.

"இவ பயந்தவ, பாத்துக்கோங்க"ன்னு பிள்ளை காதுபட டீச்சர்கிட்ட சொல்றதை மட்டும் விட்டுடுங்க, ப்ளீஸ். வேன்ல நிஜமாவே சில பிள்ளைங்களுக்குத் தலை சுத்தும். முன் சீட்டுக்கு மாத்தி, குனிஞ்சு புக் பாக்காம ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க. அதுலயே பாதி குமட்டல் போயிடும்.

கயல்_தேனி:

எல்லாருக்கும் நன்றி. சிரப்பை நிறுத்தியாச்சு. நாலு சந்தேகம். பொய் வாந்தி படியில ரூமை விட்டு ஓடிடுறா, அழறா. 4 மார்க் படி வரைக்கும் நல்லாத்தான் வந்தா. ராத்திரி லைட் அணைச்சதும் நாளைக்கு என்ன ஆகும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போயிட்டா என்ன பண்றதுன்னு வரிசையா கேக்குறா. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம், "தலை சுத்துது"ன்னு விட்டுட்டா. தாயத்தைக் கழட்டணுமா?

மனநல_ஆலோசகர்_திருச்சி:

நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல படி குறையுது, வேற ஒண்ணும் இல்ல. அதைக் கூறு போடுங்க. கலவையை அவளே கலக்கட்டும், ஊத்த வேண்டாம். அடுத்து நீங்க ஊத்தணும், அவ வாசல்லருந்து பாக்கணும். அப்புறம் மூணடி தள்ளி. அப்புறம் பக்கத்துல. கடைசியா அவளே ஊத்தட்டும். ஓடிப் போற நேரத்துல விட்டுட்டா ஓடினதால தப்பிச்சோம்னு ஆயிடும். அதனால இழுத்துப் பிடிக்காம, முடியுற தூரத்துக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு நிமிஷமாவது நின்னு முடிங்க. கைல மொபைலைக் கொடுத்து கவனத்தைத் திருப்பிக்கிட்டே செய்ய வைக்காதீங்க; பாக்க வேண்டியதைப் பாக்காம போயிடும்.

மூச்சுல தலை சுத்துறதுக்குக் காரணம், "நல்லா இழு"ன்னு சொல்லியிருப்பீங்க. வேகமா, ஆழமா இழுத்துவிட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை சுத்தும், விரல் மரமரக்கும். சாதாரண மூச்சுதான். மூக்கு வழியா 4 எண்ணுற வரைக்கும் உள்ள, சூடான பால் ஆத்துற மாதிரி உதட்டைக் குவிச்சு 6 எண்ணுற வரைக்கும் வெளிய. தொப்புள் மேல ஒரு ரப்பரை வச்சு படுக்கச் சொன்னா வயிறு ஏறி இறங்குறது தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 3 நிமிஷம், பயம் இல்லாத நேரத்துல. ரெண்டு வாரம் பழகின பிறகுதான் வேன் ஏறுறப்போ உதவும். ஆனா பயப் படிக்கட்டுல ஒரு படியைச் செய்யுற நேரத்துல இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்யச் சொல்லாதீங்க. "மூச்சு விட்டதாலதான் வாந்தி வரல"ன்னு அது இன்னொரு கேரி பேக் ஆயிடும்.

ராத்திரிக் கேள்விகளை சாயங்காலத்துக்கு மாத்துங்க. விளையாடிட்டு வந்ததும், ஹோம்வொர்க்குக்கு முன்னாடி 15 நிமிஷம், தினமும் ஒரே இடத்துல "கவலை நேரம்". தூங்குறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேண்டாம். கவலையெல்லாம் அவ எழுதணும், நீங்க கேக்கணும். ஒவ்வொண்ணையும் ரெண்டா பிரிங்க. ஏதாவது செய்ய முடியுறது: "கணக்கு டெஸ்ட்" – அப்போ என்ன செய்யப் போறோம், எப்போ. செய்ய முடியாதது: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போனா?" – "தெரியல, அப்படி ஒண்ணு வந்தா பாத்துக்கலாம்"னு அவளே எழுதிட்டு மூடணும். 15 நிமிஷம் ஆனதும் பாதியில நின்னாலும் நோட்டை மூடிடுங்க. ராத்திரி ஆரம்பிச்சா "நாளைக்கு அஞ்சரைக்கு"ன்னு ஒரு வார்த்தை எழுதி வச்சுட்டுப் படுக்கட்டும். மறுநாள் அஞ்சரைக்கு அதுல பாதி அவளுக்கே ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருந்தா அன்னைக்குப் பேசுங்க. நீங்களே மறந்துட்டா அடுத்த நாள் ராத்திரி நம்ப மாட்டா.

தாயத்தைப் பிடுங்க வேண்டாம். அத்தைக்கும் பிள்ளைக்கும் நடுவுல சண்டைதான் மிஞ்சும். ஆனா "தாயத்து இருக்கு, வராது"ன்னு மட்டும் அத்தை சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கோங்க. "சாமி தைரியம் கொடுக்கும்"னு சொல்லலாம், அதுல தப்பில்ல. குளிக்கிறப்போ கழட்டினா பிள்ளை பதறுனா அதையும் ஒரு படியா கடைசில சேத்துக்கலாம்.

யார்கிட்ட போறதுன்னு முதல்ல கேட்டீங்க. ஆறேழு வாரம் ஒழுங்கா செஞ்சும் நகரலைன்னா, எடை இறங்கினா, வாரத்துல ரெண்டு மூணு நாள் ஸ்கூல் போகலைன்னா, திரும்பத் திரும்ப கை கழுவுறது, ஒரே வார்த்தையை இத்தனை தடவை சொன்னாத்தான் ஆச்சுங்கிற மாதிரி சடங்கு தெரிஞ்சா காத்திருக்காதீங்க. "செத்துடலாம்"ங்கிற மாதிரி பேச்சு வந்தா அன்னைக்கே. மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும். சென்னைப் பக்கம்னா எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. எங்க போறதுன்னே தெரியலைன்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம்.

அங்க மாத்திரை எழுதினா பதறாதீங்க. 2008ல அமெரிக்காவுல 7லருந்து 17 வயசு வரைக்கும் 488 பிள்ளைங்ககிட்ட செஞ்ச ஆய்வுல, இந்த மாதிரிப் பயிற்சி மட்டும் எடுத்தவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேர் நல்லா தேறினாங்க. செர்ட்ராலின்ங்கிற பதட்ட மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல 55, ரெண்டும் சேந்து எடுத்தவங்கள்ல 81, மருந்தே இல்லாத வெத்து மாத்திரைக்கு 24. மிதமான பயத்துக்கு பயிற்சியை முதல்ல பாக்கலாம், அதுக்கு மேல போனா ரெண்டும் சேரும். செர்ட்ராலின் மெடிக்கல்ல நாமளே கேட்டு வாங்குற மருந்து இல்ல. முதல் சில வாரம் மனநிலை எப்படி இருக்குன்னு டாக்டர் கூப்பிட்டுப் பாப்பார். நல்லாயிடுச்சேன்னு நாமளா திடீர்னு நிறுத்தவும் கூடாது.

காலாண்டு லீவு வருது. லீவுல நோட்டை மூடி வச்சுட்டா ஸ்கூல் திறக்குற அன்னைக்கு ரெண்டு மூணு படி கீழ இறங்கியிருப்பா. லீவுலயும் ஸ்கூல் போற நேரத்துக்கே டிபன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு படி, திறக்குறதுக்கு முந்தின நாள் யூனிபார்ம் போட்டு வேன் ஸ்டாப் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க.